பசி பின்னிய பூக்கள்

ஒரு பெண் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் போதும், உலகம் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது: "பாவம், பொழுது போகவில்லை!" பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்திருந்தாலும் ஏறக்குறைய அதே தீர்ப்புத்தான். இருபது வருஷமாகக் கதை எழுதுகிறவள் என்ற முறையில் இதை நான் நன்றாக அறிவேன். பேனாவின் கதை கிடக்கட்டும். ஊசியின் கதையைத்தான் இங்கே சொல்ல உத்தேசித்திருக்கிறேன். அதைக் கேட்ட பிறகும் 'பொழுதுபோக்கு' என்ற சொல்லை யாராவது பிரயோகித்தால் பிரயோகிக்கட்டும்.

கல்லூரிக்குப் போகிற பெண்கள் இப்பொழுது கைப்பையிலும் சாவிக்கொத்திலும் சின்னச் சின்னப் பின்னல் சாமான்களைத் தொங்கவிட்டுக் கொள்கிறார்கள். கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு காளான், சிவப்பு நூலில் ஒரு ஸ்ட்ராபெரி, ஒரு சூரியகாந்தி, நரம்போடு கூடிய ஒரு பச்சை இலை. எல்லாம் குரோஷாக் கொக்கியால் ஆனவை. "புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் போர்வை, மேஜை விரிப்பு என்று பெரிதாக ஆரம்பிக்கக் கூடாது. ஒரு பூ, ஒரு இலை என்று தொடங்க வேண்டும். ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும், முடித்தோம் என்ற திருப்தியும் கிடைக்கும்" என்று கற்றுக் கொடுப்பவர்கள் சொல்கிறார்கள்.

நல்ல யோசனைதான். ஆனால் புதிய யோசனை அல்ல. ஒரு பூ, ஒரு இலை என்று ஆரம்பிக்கும் வழக்கத்துக்கு ஏறக்குறைய நூற்றெண்பது வயது ஆகிறது. அன்று அதை அப்படி ஆரம்பித்தவர்களுக்கு மட்டும் திருப்தியைப் பற்றிய கவலை இல்லை. அன்றைய இரவுக்கு அடுப்பில் ஏதாவது வேண்டும் என்ற கவலைதான் இருந்தது.

அந்தக் கதைக்கு முன்னால், இந்த வேலையின் சூட்சுமத்தை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நூலில் ஒரு வளையம் போட்டு, அதற்குள் கொக்கியை விட்டு நூலை இழுத்தால் இன்னொரு வளையம் பிறக்கும். அதற்குள் மறுபடியும் இழுத்தால் மற்றொன்று. இப்படி வளர்வது சங்கிலி. இரட்டை ஊசியால் ஸ்வெட்டர் பின்னும்போது ஐம்பது அறுபது வளையங்கள் ஒரே சமயத்தில் ஊசியில் உயிரோடு நிற்கும். ஒன்று நழுவினால் கீழ்வரை பிரிந்துகொண்டே போகும். குரோஷாவிலோ எந்த நேரத்திலும் உயிரோடு இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வளையந்தான். குழந்தை அழுதால் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போகலாம். பானை பொங்கினால் இறக்கி வைத்துவிட்டு வந்து விட்ட இடத்தில் தொடரலாம். நிமிஷத்துக்கு ஒரு முறை யாராவது கூப்பிடுகிற ஒருத்திக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் ஏது?

ரோஜாப் பூவும் இந்தச் சங்கிலியிலிருந்துதான் பிறக்கிறது. ஏழெட்டுக் கண்ணிகளை வட்டமாகச் சேர்த்து, அதைச் சுற்றி ஆறு வளைவுகள் போட வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் முதலில் குட்டைப் பின்னல், நடுவில் நெட்டைப் பின்னல், முடிவில் மறுபடியும் குட்டை. அது ஓர் இதழ். அந்த ஆறு இதழ்களுக்கும் பின்புறமாகச் சற்றுப் பெரிய வளைவுகள். அவற்றின்மேல் பெரிய இதழ்கள். மூன்று அடுக்கு வந்ததும் பூ மலர்ந்துவிடுகிறது.

இந்தக் கலை மிகப் பழமையானது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எகிப்தியப் பிரமிடு வரைக்கும் கொண்டுபோகிறவர்களும் உண்டு. ஆனால் டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் பாலுதான் என்ற அம்மையார் ஐரோப்பா முழுவதும் தேடிப் பார்த்துவிட்டு, 1800-க்கு முன்னால் ஐரோப்பாவில் இந்தப் பின்னல் இருந்ததற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று எழுதினார். அச்சில் வந்த ஆரம்பகாலக் குரோஷா மாதிரிகள் 1820-களில் 'பெனிலோபே' என்ற டச்சுப் பத்திரிகையில் வெளியானவை. 'குரோஷே' என்ற பெயர் பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கி என்று பொருள்படுவது.

இங்கே நமக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. கல்யாண ரவிக்கைகளில் நம் பெண்கள் ஆசையாகப் போட்டுக் கொள்ளும் ஆரி வேலை, துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கொக்கி முனையால் சங்கிலி போடும் வேலை. இதைப் போன்ற கீழ்நாட்டுக் கொக்கி வேலைதான் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போயிற்று. அந்தச் சங்கிலிக்கு ஆதாரமாக இருந்த துணியை ஒரு நாள் யாரோ எடுத்துவிட்டு, வெறும் ஆகாயத்திலேயே சங்கிலி போட்டுப் பார்த்ததுதான் குரோஷா என்பது ஆராய்ச்சியாளர் பலர் ஒப்புக்கொள்ளும் ஊகம். துணியை எடுத்துவிட்ட அந்தக் கை யாருடையது என்று சரித்திரம் குறித்து வைக்கவில்லை. அது பெண்ணின் கையாக இருந்திருந்தால் குறித்து வைக்காததில் ஆச்சரியமும் இல்லை.

இனி, அயர்லாந்துக்குப் போவோம்.

1841-ம் வருஷத்துக் குடிக்கணக்குப்படி அந்தச் சின்னத் தீவில் எண்பத்தோரு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் இருந்தார்கள். அவர்களில் ஏழை எளியவர்களுக்கு உருளைக்கிழங்குதான் காலை உணவு, மத்தியான உணவு, இராத்திரி உணவு எல்லாம். கோதுமையும் பார்லியும் விளையாமல் இல்லை. அவை நிலச்சுவான்தாரின் குத்தகைக்குப் போய்ச் சேர்ந்தன. 1845-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஒரு பயிர் நோய் வந்தது. பச்சைப் பசேலென்று இருந்த செடிகள் கருகின. மண்ணைத் தோண்டினால் கிழங்குகள் அழுகி நாறின. அடுத்த வருஷம் கிட்டத்தட்ட முழு விளைச்சலும் போயிற்று. பஞ்சமும் விஷக் காய்ச்சலும் 1852 வரை தொடர்ந்தன. சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கப்பலேறினார்கள். 1851-ல் மறுபடியும் எண்ணிப் பார்த்தபோது மிஞ்சியிருந்தவர்கள் அறுபத்தைந்து லட்சம்.

இவ்வளவுக்கும் இடையில் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து தானியமும் வெண்ணெயும் கால்நடைகளும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 1847-ல் கஞ்சித் தொட்டிகள் வைத்தார்கள். ஒரு கட்டத்தில் நாள்தோறும் முப்பது லட்சம் பேர் அந்தக் கஞ்சியால் உயிர் வாழ்ந்தார்கள். அது பலன் தருகிறது என்று தெரிந்த சமயத்திலேயே அதை நிறுத்திவிட்டு, இனி உள்ளூர் வரிப்பணத்திலேயே ஏழைகளைக் காப்பாற்றிக் கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கால் ஏக்கருக்குமேல் நிலம் வைத்திருப்பவனுக்கு உதவி கிடையாது என்று ஒரு சட்டம். கஞ்சி வேண்டுமானால் நிலத்தை விடு என்பதே அதன் தாத்பர்யம்.

லண்டன் பொக்கிஷ இலாகாவில் உட்கார்ந்து இந்த நிவாரணப் பணத்துக்குக் கணக்குப் பார்த்த உத்தியோகஸ்தர் சார்லஸ் டிரெவெலியன். சென்னைக்கு அவர் அந்நியரல்லர். 1859-ல் சென்னை மாகாணத்துக்குக் கவர்னராக வந்தவர் அவரே. சென்டிரல் ஸ்டேஷன் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்ற பெரிய தோட்டத்தை உண்டாக்கி, நல்ல பெயரும் வாங்கினார். வருமான வரியை எதிர்த்து எழுதி, மறு வருஷமே திருப்பி அழைக்கப்பட்டார். மனிதர்களை ஒரே வர்ணத்தில் தீட்ட முடியாது என்று நாவல் எழுதுகிறவர்களுக்குத் தெரியும். ஆயினும் அயர்லாந்து ஜனங்கள் அவர் பெயரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

சர்க்கார் கணக்குப் பார்த்துக் கொண்டிருந்த காலத்தில் சில பெண்கள் வேறுவிதமாகக் கணக்குப் போட்டார்கள். கார்க் நகரத்தின் அருகே பிளாக்ராக் என்ற இடத்தில் இருந்த அர்சுலைன் கன்னிகா ஸ்திரீகள் 1840-களிலேயே ஏழைப் பெண்களுக்குக் குரோஷா கற்றுக்கொடுத்து வந்தார்கள். மொனகன் மாவட்டத்துக் குளோன்ஸ் என்ற ஊரில் பாதிரியாரின் மனைவி கஸாண்ட்ரா ஹேண்ட், 1847-ல் கில்டேர் மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியையை வரவழைத்தாள். அங்கே ராபர்ட்ஸ் என்ற சீமாட்டி இந்த வேலையை முன்பே பழக்கியிருந்தாள். கொஞ்ச காலத்துக்குள் குளோன்ஸைச் சுற்றிய கிராமங்களில் குடிசைக்குக் குடிசை கொக்கி ஆடத் தொடங்கிற்று.

ஏன் குரோஷா? திண்டின்மேல் குண்டூசி குத்திப் பின்னும் ரேந்தையையும், ஊசியால் இழைக்கும் ரேந்தையையும் கற்க வருஷக்கணக்கில் பயிற்சி வேண்டும். பசிக்கு வருஷக்கணக்கு தெரியாது. குரோஷாவை ஒரு சில வாரத்தில் பழகிவிடலாம். வேலையும் பல மடங்கு வேகமாக நடக்கும். தறி வேண்டாம், சட்டம் வேண்டாம். ஒரு கம்பியின் முனையை வளைத்து மரக்கட்டையில் செருகிவிட்டால் கொக்கி தயார். பிறகு வேண்டியது நூலும் விரலுந்தான்.

மாதிரிகள் எங்கிருந்து கிடைத்தன? பதினேழாம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்தில் ஊசியால் இழைத்த புடைப்பு ரேந்தை பிரபுக்களின் கழுத்தை அலங்கரித்தது. அதன் பூக்களும் சுருள்களும் துணியிலிருந்து எழும்பி நிற்பவை. அந்த எழுச்சியைக் கொக்கியாலும் கொண்டுவரலாம் என்று காட்டிப் புத்தகங்கள் போட்டவர் ரீகோ தெ லா பிரான்ஷார்டியேர் என்ற பெண்மணி. பெயர் பிரெஞ்சுப் பெயர், தாயார் ஐரிஷ்காரி. 1851-ல் லண்டனில் நடந்த மகா கண்காட்சியில் இவருடைய வேலைக்குப் பதக்கம் கிடைத்தது. தடித்த நூல்முறுக்கு ஒன்றை உள்ளே வைத்து, அதன்மேல் மெல்லிய நூலால் பின்னிக்கொண்டு போனால் இதழின் ஓரம் விம்மி நிற்கும். இதுதான் அந்த ரகசியம்.

ஆனால் குடிசைப் பெண்கள் வெனிஸோடு நின்றுவிடவில்லை. வெனிஸ் நகரத்துச் சுருள்களை அவர்கள் கண்டார்களா, கனவு கண்டார்களா? அவர்கள் கண்டது வேலியோரத்துக் காட்டு ரோஜா. முள்செடிப் பூ. பெரணி இலை. திராட்சைக் குலை. எல்லாவற்றுக்கும் மேலாக ஷாம்ராக் என்ற மூவிலைச் செடி. நம் ஊர்க் கொல்லையில் முளைக்கும் புளியாரையை நினைத்துக் கொள்ளுங்கள், அதன் சாயல்தான். அயர்லாந்துக்கு அது தேசியச் சின்னம். பஞ்ச காலத்துப் பெண்கள் கண்ணெதிரே இருந்த செடி கொடிகளையெல்லாம் வெள்ளை நூலில் படியெடுத்தார்கள். கருகிப்போன உருளைச் செடியை மட்டும் யாரும் பின்னியதாக நான் எங்கும் படித்ததில்லை.

இந்த ரேந்தை உருவான விதம் மிகவும் விசித்திரமானது. மேலிருந்து கீழாக ஒரே துண்டாகப் பின்னுவதில்லை. பூ தனி, இலை தனி, மொக்கு தனி. ஒருத்தி ரோஜா மட்டும் செய்வாள். பக்கத்து வீட்டுக்காரி இலை மட்டும். எட்டு வயதுச் சிறுமி சின்ன வளையங்கள் மட்டும். இவற்றையெல்லாம் சேகரித்து, துணியில் வரைந்த படத்தின்மேல் கவிழ்த்துத் தைத்து, இடைவெளிகளை வலைப்பின்னலால் நிரப்பி, பிறகு துணியைப் பிரித்து எடுப்பாள் கைதேர்ந்த ஒருத்தி. குளோன்ஸ் பெண்கள் அந்த வலையின் கம்பிகளில் உருண்டையான ஒரு முடிச்சு வைத்தார்கள். இன்றும் அதற்குக் 'குளோன்ஸ் முடிச்சு' என்றே பெயர். புகை படிந்த குடிசையில் செய்த பூக்கள் பழுப்பேறி வந்து சேரும். அவற்றைத் துவைத்து வெளுத்துக் கஞ்சி போட்ட பிறகுதான் கடைக்கு அனுப்புவார்கள்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமாக ஒரு பூ உண்டு. அதைத் தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுப்பாள், மற்றவர்களுக்குக் காட்டமாட்டாள். யாராவது வீட்டுக்குள் நுழைந்தால் பின்னல் முந்தானைக்குள் மறைந்துவிடும். இதைக் கேட்டு நாம் சிரிக்கலாம். காணி நிலமில்லை, மாடு கன்று இல்லை. உலகத்தில் அவளுக்கென்று இருந்த சொத்து ஒரு பூவைச் செய்யும் விதம் ஒன்றுதான். அதை அவள் பூட்டி வைத்ததில் என்ன தவறு?

இதை எழுத உட்காருவதற்கு முன், கடையில் கொக்கியும் நூலும் வாங்கி வந்து ஒரு ரோஜா பின்னிப் பார்த்தேன். நான் வாங்கியது தடித்த நூல். வெளிச்சத்துக்கு மின்சார விளக்கு, சாய்ந்துகொள்ள நாற்காலி, வயிற்றில் சாப்பாடு. அப்படியும் மூன்றடுக்கு ரோஜா ஒன்று முடிய ஒரு மாலைப் பொழுது பிடித்தது. ஐரிஷ் பெண்கள் எடுத்தது தையல் நூலைப் போல் மெல்லிய நூல். கரி நெருப்பின் வெளிச்சத்தில், பட்டினியோடு பின்னினார்கள். ஒரு கழுத்துப் பட்டைக்கு எத்தனை ரோஜா, எத்தனை இலை என்று எண்ணத் தொடங்கினேன், பாதியில் நிறுத்திவிட்டேன். எண்ணிக்கை தெரிந்தால் அந்தப் பட்டையின் அழகை ரசிக்க முடியாது என்று தோன்றியது.

அந்தப் பணத்தால் குடும்பங்கள் பிழைத்தன. வாடகை பாக்கி தீர்ந்தது. அமெரிக்காவுக்குக் கப்பல் சீட்டு வாங்கினார்கள். அண்ணனை அனுப்பிய தங்கைகளும் உண்டு, தாங்களே ஏறிப் போனவர்களும் உண்டு. போன இடத்துக்குக் கொக்கியையும் கொண்டு போனார்கள். குடும்பத்துக்குச் சம்பாதித்துக் கொடுப்பவள் என்ற பதவி முதல் தடவையாகப் பல பெண்களுக்குக் கிடைத்தது. இது பொய்யல்ல.

முழு உண்மையும் இதுவல்ல. பூவைச் செய்தவளுக்கு முழு ரேந்தையை இணைக்கத் தெரியாது. தெரிந்தாலும் அதை விற்கும் கடை தெரியாது. பூக்களை வாங்கிச் சேர்க்கும் தரகர் சொன்னதே விலை. பிரபுக்கள் வீட்டுச் சீமாட்டிகள் இரக்கப்பட்டு வாங்கினார்கள். இரக்கம் என்பது அடிக்கடி மாறும் சரக்கு. நாகரிகம் அதைவிட வேகமாக மாறும். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பாரிஸ் நகரத்திலும் நியூயார்க்கிலும் ஐரிஷ் குரோஷா மேலங்கி அணிவது பெரிய மோஸ்தராக இருந்தது. அதற்குள் பிரான்ஸ், ஆஸ்திரியா, இத்தாலி, சீனா எல்லாம் அதே 'ஐரிஷ்' பூவைச் செய்யத் தொடங்கியிருந்தன. ஸ்விட்ஸர்லாந்திலும் ஜெர்மனியிலும் 1880-கள் முதல் யந்திரம் போட்ட ரேந்தை வந்தது. கரையக்கூடிய துணியில் எம்பிராய்டரி போட்டு, பிறகு துணியை மருந்தில் கரைத்துவிடுவார்கள். எட்ட நின்று பார்த்தால் குரோஷா மாதிரியே இருக்கும். முதல் உலக யுத்தம் முடிந்தபோது பெண்களின் உடுப்பு எளிமையாகிவிட்டது. குளோன்ஸின் தரகர்கள் கடையைக் கட்டினார்கள்.

யந்திரம் செய்தது சாயல்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெய்யான குரோஷாப் பின்னலைச் செய்யக்கூடிய யந்திரம் இன்னும் உலகத்தில் பெருகி வரவில்லை. கடையில் மலிவு விலைக்குத் தொங்கும் மெய்யான குரோஷாச் சட்டையைப் பார்த்தால், அதை எங்கோ ஒருத்தி கையால் பின்னியிருக்கிறாள் என்று நிச்சயமாக எடுத்துக்கொள்ளலாம். விலை மலிவாக இருந்தால் யாரோ ஒருத்தியின் மாலைப் பொழுதுகள் மலிவாகப் போயிருக்கின்றன.

எங்கோ அயர்லாந்துக் கதை என்று நாம் நிம்மதியாக இருக்க வேண்டாம். கோதாவரிக் கழிமுகத்தில் நர்ஸாபூர் என்ற ஊர் இருக்கிறது. மிஷனரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கற்றுக்கொடுத்த குரோஷா அந்த வட்டாரத்தில் பெரிய ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் அறிஞர் அங்கே போய் விசாரித்து 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். நாள்தோறும் ஆறு மணி, எட்டு மணி நேரம் பின்னுகிற பெண்களுக்கு, விவசாயக் கூலிப் பெண்ணுக்குச் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலியில் ஒரு சிறு பங்குதான் கிடைத்தது என்று அவர் கண்டார். காரணம் கேட்டபோது என்ன பதில் வந்தது தெரியுமா? "இவர்கள் வீட்டுப் பெண்கள். ஓய்வு நேரத்தில் பொழுது போகாமல் பின்னுகிறார்கள்!" ஒருத்தி பூ மட்டும் செய்வதும், இன்னொருத்தி அதை இணைப்பதும், தரகர் வந்து வாங்கிப் போவதும் அங்கேயும் அப்படியே.

நாகர்கோவிலிலும் ஒரு ரேந்தைக் கதை உண்டு. ('ரேந்தை' என்பதே போர்த்துக்கீசியர் நமக்குக் கொடுத்துப் போன சொல்.) 1820-களில் மார்த்தா மால்ட் என்ற பாதிரியார் மனைவி தமது பள்ளிக்கூடத்துப் பெண்களுக்குத் திண்டு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் மனிதர்களை அடிமைகளாக வாங்குவதும் விற்பதும் நடந்தது. 1855-ல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்பே ரேந்தை பின்னிய காசைச் சேர்த்துத் தங்களை விடுவித்துக் கொண்ட பெண்கள் இருந்தார்கள் என்று மிஷன் வரலாறு கூறுகிறது. அதே நூல், அதே விரல். ஓர் ஊரில் அது விலங்கை அறுத்தது. இன்னோர் ஊரில் கூலியில்லாத விலங்காயிற்று. வித்தியாசம் நூலில் இல்லை. செய்தவளின் கைக்கு விலை வந்து சேர்ந்ததா இல்லையா என்பதில்தான் இருக்கிறது.

ஆகவே சாவிக்கொத்துக்கு ஸ்ட்ராபெரி பின்னும் பெண்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் தாராளமாகப் பின்னட்டும். பொழுது போவதற்காகப் பின்ன முடிகிறது என்பதே பெரிய பாக்கியம். ஒன்று மட்டும் வேண்டிக்கொள்வேன். ஒரு பூவை முடிக்க எத்தனை நேரம் ஆயிற்று என்று கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்தக் கண்காட்சியிலாவது ஒரு கிழவி பின்னல் சாமானைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பேரம் பேச வாயெடுக்கும்போது அந்தக் கணக்கு ஞாபகத்துக்கு வரும்.

பெரிய காட்சிசாலைகளில் ஐரிஷ் ரேந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். 'செய்தவர் பெயர் தெரியவில்லை' என்று பக்கத்தில் சீட்டு. செய்தவர் என்று ஒருமையில் எழுதுவது சரியில்லை. கொக்கி பிடிப்பவர்களுக்குத் தெரியும்: நூலை இழுக்கும் இறுக்கம் கைக்குக் கை மாறும். ஒரே மாதிரியைப் பார்த்து இரண்டு பேர் செய்தாலும் இரண்டு ரோஜாவும் ஒன்றாக இருக்காது. பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரே கழுத்துப் பட்டையில் இறுக்கமான ரோஜாவும் தளர்ந்த ரோஜாவும், நிதானமான இலையும் அவசரமான இலையும் அடுத்தடுத்து இருப்பது தெரியும். பெயர் தெரியாத அத்தனை பேரும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.